மறுபடியும் லைன் 16

அதே சாவுதான் இன்றைக்கும். என் லினக்ஸ் கணினிக்குள் (அதுதான் ஹோஸ்ட்) ஒரு மெய்நிகர் விண்டோஸ் கணினி ஓடுகிறது, அதுதான் கெஸ்ட். கெஸ்ட்டில் பாட்டு நாலு நிமிடம் ஓடியது, அப்புறம் ஒரே துண்டைத் திரும்பத் திரும்பக் கக்கிவிட்டு நின்றது. கூடவே ஹோஸ்ட்டின் கீபோர்டும் போய்விட்டது. நான் கெஸ்ட்டின் நேரடிப் பொறுப்பில் விட்டது சவுண்ட் கார்டை மட்டும்தான். கீபோர்டு என்ன பாவம் செய்தது?

போன மாதம் இதற்காக ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். இன்னொரு கணினியிலிருந்து உள்ளே நுழைந்து, இன்டரப்ட் எண்ணிக்கையை, அதாவது கார்டுகள் சிபியுவை எத்தனை தடவை கூப்பிடுகின்றன என்பதை, விநாடிக்கு ஒரு தடவை பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. ஏறுகிறது. திடீரென்று ஒரு லட்சம் தாவுகிறது, அப்புறம் அசையவே இல்லை. லாக்கில் ஒரே வரி: "ஐஆர்க்யூ 16: நோபடி கேர்டு". அதாவது, இன்டரப்ட் லைன் 16 இல் வந்த கூப்பாட்டை யாரும் கவனிக்கவில்லை. ரீபூட். கீபோர்டை வேறு போர்ட்டில் செருகினேன். அதுவும் அதே யூஎஸ்பி கன்ட்ரோலர், சவுண்ட் கார்டோடு அது பங்குபோடும் அதே லைன் 16. மறுபடி நாலு நிமிடம், மறுபடி அதே வரி. இப்படி ஆறு தடவை!

இந்த லைனில் வருவது லெவல் இன்டரப்ட். அப்படியென்றால் கெஸ்ட்டின் டிரைவர் வந்து கார்டைக் கவனிக்கும்வரை லைன் இறங்காது. அதுவரை ஹோஸ்ட் அந்தக் கார்டின் வாயை மட்டும் அடைத்து வைக்க வேண்டும். கெஸ்ட் ஈஓஐ (கவனித்து முடித்தாயிற்று என்ற சேதி) கொடுத்ததும் திறந்துவிட வேண்டும். கூப்பிட்டது யார் என்று சொல்ல, கார்டுகளுக்கான பிசிஐ விதிமுறையின் 2.3 ஆம் பதிப்பில் ஒரு ஸ்டேட்டஸ் பிட் இருக்கிறது. இந்தக் கார்டு அதில் சில நேரம் பொய் சொல்கிறது. நான் கூப்பிடவில்லை என்கிறது கார்டு, நானும் இல்லை என்கிறது யூஎஸ்பி, லைனோ கத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு லட்சத்தில் 99,900க்கு மேல் இப்படி அநாதையாக வந்தால் லினக்ஸ் அந்த லைனையே அணைத்துவிடும். அதை நான் குறை சொல்ல மாட்டேன், விட்டால் சிபியு இதிலேயே செத்துப்போகும்.

என் ஆத்திரமெல்லாம் டிரைவர் மேல்தான். எம்எஸ்ஐ என்று இன்டரப்ட்டை லைன் இல்லாமல் சேதியாக அனுப்பும் வழி 1998 இலேயே பிசிஐ 2.2 இல் வந்துவிட்டது. லைனும் கிடையாது, பங்காளிச் சண்டையும் கிடையாது. கார்டு மெமரியில் ஒரு தடவை எழுதினால் போதும், வேலை முடிந்தது. இந்தக் கார்டுக்கும் அது தெரியும்! டிரைவர்தான் அதை அணைத்தே வைத்திருக்கிறது. கெஸ்ட்டின் ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புப் பட்டியல்) ஒரு 0 வை 1 ஆக்கி அதைத் திறந்தேன், மூன்று வாரம் ஒரு விக்கல்கூட இல்லை. அந்த 1 ஐ டிரைவரை எழுதியவர்களே போட்டு அனுப்பினால் என்ன?

நேற்று டிரைவர் அப்டேட் வந்து அந்த 1 ஐ அழித்துவிட்டுப் போயிருக்கிறது. பாதி வேலையில் திறந்து கிடந்த எல்லாவற்றையும் மூடி, ரீஸ்டார்ட்டும் செய்திருக்கிறது. செய்யட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.