மர்மமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை

எலிக்காய்ச்சல். அதுதான் அந்த வருத்தத்தின் பெயர். இன்னொரு தரமும் எழுதுகிறேன், எலிக்காய்ச்சல்.

சென்ற கிழமை நம் பகுதி இணையச் செய்திப் பக்கம் ஒன்று சிவப்பு எழுத்தில் 'மர்மக் காய்ச்சல்! இளம் குடும்பஸ்தர் பலி! பீதியில் மக்கள்!' என்று போட்டதைப் பார்க்காத ஆள் நம் பகுதியில் இருக்கமாட்டார். எனக்கு மட்டும் பதினொரு பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். ஒருவர் கடைக்கே வந்து போனை நீட்டினார். பீதியில் மக்களாம். அந்தப் பதிவு வந்தபோது இரவு ஒன்பதரை மணி. மக்கள் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். பீதி அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் இவர்கள் கையால்.

எழுத்து ஒருபக்கம் இருக்கட்டும். அந்தப் படம்? மௌத்தான மனிதரின் வீட்டுப் படலையைப் போட்டோ எடுத்துச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். படலைக்குப் பின்னால் பிள்ளையின் சைக்கிள் சாத்திவைத்திருப்பதுகூடத் தெரிகிறது. ஊர்ப் பெயரைப் போடவில்லை, நாங்கள் பொறுப்பான ஊடகம் என்று கீழே ஒரு வியாக்கியானம் வேறு. ஊர் தெரியாமல் வீடு மட்டும் தெரிந்தால் பரவாயில்லையாக்கும்.

வார்டில் டொக்டர்மார் இரண்டாம் நாளே எலிக்காய்ச்சல் என்றுதான் மருந்து ஏற்றினார்கள். இதை அவருடைய மச்சினனே என்னிடம் சொன்னார். அந்தப் பக்கத்துக்காரர் ஒரு கோல் எடுத்துக் கேட்டிருந்தால் அவருக்கும் சொல்லியிருப்பார். கேட்டால் மர்மம் போய்விடும். மர்மம் போனால் ஷெயார் போய்விடும். பிறகு இரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. அதை எங்கே போட்டார்கள் தெரியுமா? பழைய பதிவின் அடியில், நானூற்றுச் சொச்சம் கமெண்டுக்குள் ஒரு கமெண்டாக.

இது முதல் தடவையும் இல்லை. 2024 டிசம்பரில் வெள்ளம் வடிந்த கையோடு யாழ்ப்பாணத்தில், வடமராட்சிப் பக்கம், ஆட்கள் காய்ச்சலில் இறந்தபோதும் இதே மர்மம்தான் தலைப்பில் ஓடியது. கடைசியில் பார்த்தால் எலிக்காய்ச்சல். அடுத்த மாதமே சீனாவில் புது வைரஸ் என்று ஒரு கூத்து. சளிக்காய்ச்சல் தருகிற அந்த எச்.எம்.பி.வி. வைரஸை 2001இலேயே கண்டுபிடித்துப் பெயரும் வைத்துவிட்டார்கள். இருபத்து மூன்று வருடப் பழசுக்குப் புதுச் சட்டை போட்டு ஊர்வலம் விட்டார்கள்.

எலிக்காய்ச்சலில் என்ன மர்மம் இருக்கிறது? எலியின் சலத்தில், அதாவது மூத்திரத்தில், கிருமி இருக்கிறது. மாட்டிலும் எருமையிலும் நாயிலும்கூட இருக்கும். அது வயல் தண்ணியில் கலக்கிறது. காலில் ஒரு சின்ன வெட்டுக் காயம், அல்லது நாள் முழுக்கச் சேற்றில் நின்று ஊறிய தோல், அது வழியே உள்ளே போகிறது. அநேகமாக ஐந்திலிருந்து பதினான்கு நாளுக்குள் காய்ச்சல், தலையிடி, கண் சிவப்பு, கெண்டைக்காலில் தொடவிடாத உளைவு. நேரத்துக்குப் போனால் சாதாரண அன்டிபயோட்டிக்கில் சுகமாகும். பிந்தினால் கண் மஞ்சளாகும், சலம் குறையும், கிட்னி போகும், சில பேருக்கு நெஞ்சுக்குள் இரத்தம் கசியும். 2008இல் இந்த நாட்டில் 7,000 பேருக்கு மேல் இந்த வருத்தம் என்று பதிவானது. பெரும்போகம் வந்தால் நம் வயல் வட்டைகளில் இது வராமல் இருந்தால்தான் மர்மம்.

இன்னொன்று, இதைத்தான் யாரும் காதில் போட்டுக்கொள்கிறார்கள் இல்லை. இந்த வருத்தம் ஒரு ஆளிலிருந்து இன்னொரு ஆளுக்குத் தொற்றுவதில்லை. பக்கத்தில் இருந்தாலும், ஒரே பீங்கானில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் தொற்றாது. மையித்து வீட்டுக்குப் போனால் வராது. அவர்கள் வீட்டுக் கிணற்றுப் பக்கம் நடந்தால் வராது.

நான் மருந்துக்கடைக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். பதிவு வந்த மறுநாள் காலை பத்து மணிக்குள் என் கடையில் மாஸ்க் முடிந்தது. கொரோனாக் காலத்தில் மிச்சமாகி, மேல் தட்டில் தூசு பிடித்துக் கிடந்த இரண்டு பெட்டி. நல்ல வியாபாரம், பொய் சொல்லக் கூடாது. அன்று பின்னேரம் வாப்பாவை ஏற்றிக்கொண்டு வர வட்டைக்குப் போனேன். என்னிடம் மாஸ்க் வாங்கிய ஒரு மனிசர் அங்கே முழங்கால் அளவு தண்ணிக்குள் நின்று வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் மாஸ்க். காலில் ஒன்றும் இல்லை. காலில் போன வருடத்து மண்வெட்டிக் காயம், அதற்கு மேலே இந்த வருடத்தது.

நான் இவ்வளவு நேரம் கத்துவது இதைத்தான். மர்மம் என்று சொன்னால் சனம் காற்றுக்குப் பயப்படும். எலி என்று சொன்னால் தண்ணியைப் பார்க்கும்.

வயலுக்கு இறங்குகிறவர்களுக்கு வருத்தம் வராமல் தடுக்கக் கிழமைக்கு ஒரு தரம் டொக்சிசைக்ளின், 100 மில்லிகிராம் கெப்சியூல் இரண்டு, சாப்பிட்ட பிறகு. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோரில் பி.எச்.ஐ.மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) பெயர் பதிந்து சும்மா தருகிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது கொடுப்பதில்லை, ஆகவே பி.எச்.ஐ.மாரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எங்கள் வட்டைக்கு வந்த பி.எச்.ஐ. கையில் இருந்த லிஸ்டில் பாதிப் பெயருக்கு நேரே கையெழுத்து இல்லை. 'எலிக்குப் பயந்து குளிசை போடுறதா' என்று சிரித்துவிட்டுப் போனவர்கள்தான் அடுத்த கிழமை மாஸ்க் வாங்க வந்தார்கள்.

'அப்போ ஊடகம் வாயை மூடிக்கொண்டு இருக்கணுமா?' என்று கேட்கப் போகிறவர் யாரென்று எனக்குத் தெரியும். இல்லை தம்பி. சொல்லுங்கள், நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுங்கள். பெயரைச் சொல்லுங்கள், குளிசை எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். அந்தச் சிவப்பு எழுத்தையே வைத்துக்கொண்டு 'வயலுக்குப் போய்வந்து காய்ச்சலா? டொக்டரிடம் வயலை மறக்காமல் சொல்லுங்கள்!' என்று போடுங்கள். நானும் ஷெயார் பண்ணுகிறேன்.

'மருந்துக்கடைக்காரன் குளிசை விற்க எழுதுகிறான்' என்றும் ஒருவர் ஏற்கெனவே எழுதியிருக்கிறார். சும்மா கொடுக்கிற குளிசையை நான் எப்படி விற்பது? டொக்டரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் கேட்டு வந்து என்னிடம் ஏச்சு வாங்கிப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். இலாபம்தான் குறி என்றால் நான் மர்மத்தோடு அல்லவா நிற்க வேண்டும்? மாஸ்க், டெட்டோல், விட்டமின் சி, எல்லாம் மர்மம் வந்தால்தான் ஓடும்.

சுகாதாரப் பகுதி வாய் திறக்கப் பிந்துகிறது, அந்த இடைவெளியில்தான் வதந்தி வருகிறது என்கிறார்கள். அது உண்மைதான். சரி, அதற்காக?

'பயம் நல்லதுதானே, பயந்தால்தானே கவனமாக இருப்பான்.' இதுதான் எனக்கு இரத்தத்தைக் கொதிக்க வைக்கிற பேச்சு. நாம் பயந்து பார்த்த ஊர் இல்லையா? ஒரே இடத்திலிருந்து கொரோனா தொற்றிய கூட்டத்துக்கு வைத்த கொத்தணி என்ற சொல்லை 2020க்கு முன்னால் யாராவது கேள்விப்பட்டீர்களா? பூவில்தான் கொத்து இருந்தது. மினுவாங்கொடைக் கொத்தணி, பேலியகொடைக் கொத்தணி, பிறகு அக்கரைப்பற்றுக் கொத்தணி என்று எங்கள் பக்கத்துக்கும் வந்தது. பேலியகொடை மீன் சந்தையில் தொற்று என்றதும் நாடு முழுக்க மீன் வாங்க ஆள் இல்லை. முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டியிருந்தது. கடற்கரையில் கரைவலைக்காரர்கள் கூறு போட்டு வைத்துக்கொண்டு ஆள் பார்த்து நின்றதை நான் கண்ணால் கண்டேன். அந்தப் பயம் யாரைக் காப்பாற்றியது?

அந்தப் பயம் என் மாமாவை என்ன செய்தது என்பதை நான் இங்கே எழுதியதில்லை. உம்மாவின் தம்பி. கொழும்பில் புடவைக்கடை. 2020 டிசம்பரில் அங்கேயே மௌத்தானார். கொரோனா பொசிட்டிவ் என்றார்கள். உலகச் சுகாதார நிறுவனம் அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று அந்த வருடம் மார்ச்சிலேயே எழுதி வைத்திருந்தது. இங்கே நிலத்தடித் தண்ணியில் கலந்துவிடும் என்று டீவியில் கிளப்பினார்கள், சனம் நம்பியது, எரிக்கத்தான் வேண்டும் என்ற சட்டமும் அப்படியே நின்றது. எரித்தார்கள். மாமாவின் முகத்தை உம்மா பார்க்கவில்லை. ஜனாஸாத் தொழுகை கிடைக்கவில்லை. அடுத்த மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கத் தொடங்கி, 3,600க்கும் மேற்பட்டவர்களை அங்கே அடக்கினார்கள். ஒரு கிணறும் கெடவில்லை. மாமா மூன்று மாதம் பிந்தி மௌத்தாகியிருந்தால் எங்களுக்குப் போய் நின்று ஸலாம் சொல்ல ஒரு இடம் இருந்திருக்கும். 2024 ஜூலையில், எரித்ததற்கு அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்தச் செய்தியை நான்தான் மாமிக்குக் காட்டினேன். வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். தேத்தண்ணி போடட்டா என்று என்னைக் கேட்டார்.

எலிக்காய்ச்சலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது. சிவப்பு வட்டத்தைப் பார்த்தால் எனக்கு மாமா வீடுதான் ஞாபகம் வருகிறது. அந்த வீட்டையும் ஒருவர் மதிலுக்கு மேலால் போனை நீட்டி வீடியோ எடுத்தார்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் மட்டும் நல்லவன் மாதிரி ஆகிவிடும். எலிக்காய்ச்சலில் மௌத்தான அந்த மனிசர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு மூன்று நாள் முன்னால் என் கடைக்கு வந்தார். "தம்பி, ஒரு கார்ட் பனடோல் தாங்க. கால் ரெண்டும் முறிஞ்ச மாதிரி உளையிது" என்றார். என்ன காக்கா என்று கேட்டேன். "வரம்பு கட்டினது, வேற என்ன" என்றார். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். கண் சிவந்திருந்தது. மழைக்குள் பைக்கில் வந்ததால் என்று நினைத்தேன். பனடோலும் கால்வலிக்கு ஒரு பாமும் கொடுத்து மிச்சக் காசையும் எண்ணிக் கொடுத்தேன். பத்தொன்பது வருடம் இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். வரம்பு, கெண்டைக்கால், சிவந்த கண், மூன்றும் என் முன்னால் வந்து நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போங்க காக்கா என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. எலிக்காய்ச்சல் என்ற சொல் நம் ஊரில் ஒவ்வொரு பெரும்போகமும் உரக்கச் சொல்லப்பட்டிருந்தால் அவரே என்னைக் கேட்டிருப்பார், இது எலிக்காய்ச்சலாக இருக்குமா தம்பி என்று. அல்லது எனக்காவது சட்டென்று பொறி தட்டியிருக்கும். தெரியாது. இதை வைத்து என்னை ஏச நினைப்பவர்கள் தாராளமாக ஏசலாம்.

நேற்று மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய இளைய மகன் கடைக்கு வந்தான், அந்தப் படத்தில் இருக்கிற அதே சைக்கிளில். எட்டு வயது இருக்கும். கவுண்டர் அவன் நெற்றிக்கு வருகிறது.

"காக்கா, மாஸ்க் இருக்கா?"

"உனக்கு எதுக்குடா மாஸ்க்?"

"சேர் போட்டுட்டு வரச் சொன்னாரு. இல்லாட்டி டியூஷனுக்குள்ள எடுக்க மாட்டாராம்."

கையில் ஐம்பது ரூபாய்த் தாளைச் சுருட்டி வைத்திருந்தான். கடையில் இருந்தது எல்லாம் விற்றுவிட்டதால் என் மேசை இலாச்சியில் எனக்கென்று போட்டு வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பெரியவர்கள் போடுகிறது. காதில் நிற்கவில்லை. இரண்டு பக்கக் கயிற்றிலும் முடிச்சுப் போட்டுச் சின்னதாக்கிக் கொடுத்தேன். காசு எடுக்கவில்லை. அவன் அதை அங்கேயே மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனான்.