ஆயாவுக்கு உடைந்தது எந்த எலும்பு?

காசிமேட்டில் மீன் கூடையோடு வழுக்கி விழுந்த ஆயாவைப் பற்றிய பேச்சில், 'இடுப்பு உடைந்தது என்றாலே இடுப்புக்கூடு உடைந்ததுதான்' என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் அப்படி இல்லைங்க. வயதானவர்கள் விழுந்தால் அதிகம் முறிவது தொடை எலும்பின் மேல்முனை: பந்து மாதிரி இருக்கும் தலைக்குக் கீழே ஒடுங்கிய கழுத்து, அல்லது அதையடுத்த பகுதி. இடுப்புக்கூடும் உடையலாம், ஆனால் அது வேறு முறிவு, வைத்தியமும் வேறு.

நீங்களே பார்க்கலாம். எழுந்து நின்று இடுப்பில் கை வையுங்கள். தட்டுப்படும் மேடு இடுப்புக்கூட்டின் விளிம்பு. (தண்ணி லாரியில் பிடித்த குடம் உட்காருவது அதன்மேல்தான்.) கையை அப்படியே கீழே இறக்கினால் தொடையின் வெளிப்பக்கம் இன்னொரு கெட்டி முண்டு. இப்போது குதிகாலை ஊன்றிப் பாதத்தை உள்ளும் வெளியும் திருப்புங்கள். முண்டு கைக்கடியில் உருளும், மேடு அசையாது. உருளுவது தொடை எலும்பு. கழுத்து அதற்குச் சற்று உள்ளே இருக்கிறது.

அப்புறம், டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். 'நெக் ஆஃப் ஃபீமர்' என்றிருந்தால் தொடை எலும்பு, 'பெல்விஸ்' என்றிருந்தால் இடுப்புக்கூடு.