ஒரு சுற்று பனி ஸ்கூட்டருக்கு இத்தனை பாடா?

இமாச்சலத்து மணாலிக்குப் போனால் சோலாங் பள்ளத்தாக்கில் பனி ஸ்கூட்டர் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) ஓட்டாமல் வராதே என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். ஓட்டுவதா? யார் ஓட்ட விட்டார்கள்? கைப்பிடி வண்டிக்காரர்களிடம், நாம் பின்சீட்டில். முகத்தில் பனித்தூள் அடித்து, 'ஆகா' என்று வாய் திறப்பதற்குள் "ஹோ கயா சார், முடிஞ்சுது" என்று இறக்கிவிடுகிறார்கள்.

அதற்கு முன்னால் நடக்கும் கூத்து இருக்கிறதே! வழியெங்கும் நம்பர் போட்ட வாடகை உடைக்கடைகள். டாக்சிக்காரர் தனக்கு வேண்டிய கடையில்தான் நிறுத்துவார். முந்தின ஆளின் வியர்வை காயாத மேலுடை, பாதியில் சிக்கிக்கொள்ளும் ஜிப், உள்ளே ஏற்கெனவே ஈரமான கம்பூட்ஸ். காலுறை நனைந்து விரல் மரத்துப்போகிறது. இதற்கு வாடகை வேறு!

சுமார் 8,400 அடி உயரத்தில் மூச்சு வாங்க நடந்து போனால், ஆளுக்கொரு விலை. பக்கத்துக் குடும்பத்துக்குச் சொன்னதில் இரண்டு மடங்கு நமக்கு. ரேட்டை ஒரு போர்டில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஹெல்மெட் கேட்டால் சிரிக்கிறார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி அது. அது சீறிக்கொண்டு போகும் பாதையை ஒட்டியே குழந்தைகள் பனிமனிதன் செய்துகொண்டிருக்கின்றன. தடுப்பு கிடையாது. பெட்ரோல் புகையில் பனியே கறுத்துக் கிடக்கிறது. இதைப் பார்க்கவா இமயமலை வரை வந்தோம்?

இறங்கியதும் போட்டோக்காரர் வழிமறிக்கிறார். கேட்காமலே எடுத்த படத்துக்கு எதற்கய்யா காசு?