பழைய மேரியோவுக்குப் புது விலை கொடுக்கலாமா?

தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு உறையில் போட்டுத் தந்த அங்பாவ் பணத்தில், நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கான ‘சூப்பர் மேரியோ 3டி வேர்ல்ட் + பௌசர்ஸ் ஃபியூரி’ என்ற வீடியோ விளையாட்டை வாங்கித் தரலாமா என்று உறவினர் ஒருவர் கேட்டிருந்தார். வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் சேர்ந்து விளையாட இரண்டாவது ஆள் ஒருவர் இருந்தால் தாராளமாக வாங்கலாம், தனியாக விளையாடுபவர் முழு விலை கொடுக்க வேண்டியதில்லை.

கடையில் இன்றும் புது விளையாட்டுகளோடு அடுக்கி வைத்திருப்பதால், இது மறுவெளியீடு என்பதே பலருக்குத் தெரிவதில்லை. இதன் பெரும்பகுதி 2013 நவம்பரில் நிண்டெண்டோவின் முந்தைய விளையாட்டுக் கருவியான வீ யூ கன்சோலுக்காக வெளிவந்தது. ஸ்விட்ச்சுக்கு 2021 பிப்ரவரி 12 அன்று, பௌசர்ஸ் ஃபியூரி என்ற புதிய பகுதியைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் வந்தது. அந்த நேரத்தில் மலேசியாவில் நாம் கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் அடங்கிக் கிடந்தோம் என்பதால், இங்கே பல வீடுகளுக்குள் அது வேகமாகவே நுழைந்தது. வீ யூ உலகம் முழுவதிலும் மொத்தமாக விற்றது 13.56 மில்லியன்தான்; ஸ்விட்ச்சின் விற்பனையோ 150 மில்லியனைத் தாண்டிவிட்டது. நான் போய்வரும் கோலாலம்பூர் வீடுகளில் பிளேஸ்டேஷனைப் பார்த்திருக்கிறேனே தவிர, வீ யூவைப் பார்த்த நினைவு இல்லை. ஆகவே, ‘பழைய விளையாட்டை மறுபடியும் விற்கிறார்கள்’ என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருந்தாலும், நம்மில் பெரும்பாலோருக்கு இது முதல் முறையாகக் கிடைக்கும் விளையாட்டுதான்.

விலையில்தான் எனக்கு மனத்தாங்கல். 2013-இல் இதன் அமெரிக்க விலை 60 டாலர். எட்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் வந்தபோதும் அதே 60 டாலர். மற்ற நிறுவனங்களின் விளையாட்டுகள் ஓராண்டு ஈராண்டில் பாதி விலைக்கு இறங்கிவிடுகின்றன. மேரியோ மட்டும் அசைந்து கொடுப்பதில்லை. கோலாலம்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான லோ யாட் பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கினாலும், விளையாட்டு அடங்கிய புதிய கார்டு இருநூறு வெள்ளியை (ரிங்கிட்டை) ஒட்டியோ அதற்கு மேலோதான் இருக்கும். குடும்பத்தில் ஒரு வாரச் சந்தைச் செலவுக்கு ஈடான அந்தத் தொகைக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பதில் கஞ்சத்தனம் ஏதுமில்லை.

கிடைப்பது ஏராளம், ஆனால் அது ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது. மேரியோ, லுய்ஜி, பீச், டோட் என்று நான்கு பேர் ஒரே திரையில் ஒரே நேரத்தில் ஓடலாம். லுய்ஜி உயரமாகத் தாவுவான், பீச் காற்றில் சற்று மிதப்பாள், டோட் எல்லோரையும் விட வேகமாக ஓடுவான். உயிர்கள் எல்லோருக்கும் பொதுவானவை. ஒருவர் பள்ளத்தில் விழுந்தால் பொதுக் கணக்கில்தான் ஒன்று குறையும். பின்தங்கியவரைத் திரை காத்திருந்து ஏற்றிக்கொள்ளாது; அவர் ஒரு குமிழிக்குள் அடைபட்டு மற்றவர்களிடம் மிதந்து வருவார். கட்டத்தின் முடிவில் அதிகப் புள்ளி எடுத்தவரின் தலையில் ஒரு கிரீடம் ஏறும். அடுத்த கட்டத்தில் அவர் அடிபட்டால் கிரீடம் கீழே விழும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இவை போதாதென்று, ஒருவரை ஒருவர் தூக்கி எறியவும் முடியும். கூட்டாளியும் போட்டியாளரும் ஒரே ஆளாக இருக்கும் இந்த ஏற்பாட்டில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது.

என் அக்காவின் பிள்ளைகள் இருவரும் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூத்தவன் தங்கையைத் தூக்கி உயரமான மேடைக்கு ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, கிரீடம் அவள் தலையில் இருப்பதைப் பார்த்ததும் திசையை மாற்றிப் பள்ளத்தில் வீசினான். “மாமா, பாருங்க இவன! வேணும்னே தூக்கிப் போட்டான்!” என்ற புகார் எனக்கு வந்தது. அவள் மிதந்து வந்த குமிழியை உடைத்து விடுவித்தவனும் அவனேதான், ஏனென்றால் அடுத்த பொத்தானை அமுக்க அவனுக்கு இன்னோர் ஆள் வேண்டியிருந்தது. இரட்டைச் செர்ரி என்ற பொருளை எடுத்தால் நம் பாத்திரம் இரண்டாகிவிடும், இன்னொன்று எடுத்தால் மூன்றாகும்; அத்தனையும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் நகரும். இரண்டு பிள்ளைகளும் அதை எடுத்துவிட்டால் தம்முடையது எது என்று அவர்களுக்கே தெரியாமல் போய்விடும். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாகும்.

தனியாக விளையாடிப் பார்த்தபோது அதே கட்டங்கள் எனக்கு வெறிச்சென்று இருந்தன. நான்கு பேர் முட்டி மோதி ஓட வேண்டும் என்பதற்காக அகலமாக அமைத்த மைதானத்தில் ஒற்றை ஆள் ஓடுவது போதிய சவாலைத் தருவதில்லை. கட்டங்களின் தொகுதிகளான ‘உலகங்களில்’ முதல் எட்டின் பெரும்பகுதி எளிதாகவே கடந்துவிடும். உண்மையான கடினம் அவற்றுக்குப் பிறகு திறக்கும் கூடுதல் உலகங்களில் ஒளிந்திருக்கிறது. 380 பச்சை நட்சத்திரங்களையும் முத்திரைகளையும் சேர்த்து, எல்லாக் கட்டங்களிலும் முடிவில் நிற்கும் கொடிக்கம்பத்தின் உச்சியைத் தொட்டவருக்குத்தான் கடைசிக் கட்டமான ‘சாம்பியன்ஸ் ரோடு’ திறக்கும். வேலை முடிந்து எல்ஆர்டி ரயிலில் இடிபட்டு வீட்டுக்கு வரும் ஒருவரிடம் அவ்வளவு பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஸ்விட்ச் பதிப்பில் பாத்திரங்கள் முன்பைவிட வேகமாக ஓடுகின்றன, பூனை உடை அணிந்தால் சுவரில் கூடுதல் உயரம் ஏற முடிகிறது. இவை நல்ல மாற்றங்கள்தாம், ஆனால் தனியாளின் வெறுமையை அவை தீர்ப்பதில்லை.

தனியாளுக்கு உரிய பகுதி பௌசர்ஸ் ஃபியூரிதான். அதில் கட்டங்கள் என்று தனித்தனியே இல்லை. ஒரு பெரிய ஏரியும் அதில் சிதறிய தீவுகளும் முழுக்கத் திறந்தே கிடக்கின்றன. பூனை வடிவச் சூரியச் சின்னங்கள் மொத்தம் 100. ஏறக்குறைய பாதியைச் சேர்த்தாலே முடிவைப் பார்த்துவிடலாம். நாம் ஒரு மெல்லிய பலகையின் மேல் கவனமாகத் தாவிக்கொண்டிருக்கும்போதே வானம் இருண்டு மழை பிடிக்கும், ஏரியின் நடுவிலிருந்து வில்லன் பௌசர் மலைபோல் எழுந்து நெருப்பைக் கக்குவான். தப்பி ஓடுவதா, அல்லது அவன் நெருப்பால் மட்டுமே உடையக்கூடிய கற்களின் பின்னால் போய் நின்று அவனையே வேலை வாங்குவதா என்ற கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் இது அளவில் சிறியது. நிதானமாக விளையாடினாலும் சில மாலைகளில் முடிந்துவிடும். அத்துடன், பழைய ஸ்விட்ச்சைக் கையில் வைத்து விளையாடினால் இந்தப் பகுதி வினாடிக்கு 30 படச்சட்டங்களில்தான் ஓடும். டிவியில் இணைத்தால்தான் 60, அசைவும் சீராகத் தெரியும். இரண்டாவது ஆளும் இதில் சேரலாம், ஆனால் பௌசரின் மகன் பௌசர் ஜூனியராக மேரியோவுக்குத் துணை நிற்கும் வேலை மட்டுமே அவருக்கு; அண்ணன் தம்பிக்குள் அது சண்டைக்குத்தான் வழிவகுக்கும்.

இதே வரிசையில் வந்த மற்ற மறுவெளியீடுகளோடு ஒப்பிட்டால் இது நேர்மையானது. 2020 செப்டம்பரில் வந்த ‘சூப்பர் மேரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ்’ 1996, 2002, 2007 ஆகிய ஆண்டுகளின் மூன்று விளையாட்டுகளைப் பெரிதாக மெருகேற்றாமல் ஒரே கார்டில் கொடுத்தது. அதையும் 2021 மார்ச் 31 வரைதான் விற்போம் என்று அறிவித்து நிண்டெண்டோ வாங்குபவரை அவசரப்படுத்தியது. அந்த வியாபார முறை எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. 3டி வேர்ல்டில் குறைந்தபட்சம் புதிதாக ஒன்றைச் செய்து சேர்த்திருக்கிறார்கள். 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்தபோது இதற்கு இலவச மேம்பாடும் கிடைத்தது. ஸ்விட்ச் 2 வைத்திருப்பவர் ஒரே கார்டைக் கொண்டு, பக்கத்தில் உள்ளவரின் பழைய ஸ்விட்ச்சோடும் பகிர்ந்து விளையாடலாம். இணையம் வழி விளையாடும் வசதியும் உண்டு என்றாலும், அதற்குச் சந்தா கட்ட வேண்டும். தாவுவதற்கும் திரையில் தாவல் தெரிவதற்கும் இடையே சிறு தாமதம் விழுந்தால்கூட இத்தகைய விளையாட்டில் எரிச்சல்தான் மிஞ்சும்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு அழுவார்கள் என்று அஞ்சும் பெற்றோர், 2023 அக்டோபரில் வந்த ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ் வொண்டர்’ விளையாட்டை வாங்கலாம். அதில் பாத்திரங்கள் ஒன்றின்மேல் ஒன்று மோதுவதில்லை. ஒருவர் இன்னொருவரின் ஊடாகவே கடந்து போய்விடுவார். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அது நல்லது. என்னைக் கேட்டால், அந்த மோதல் இல்லாத இடத்தில் சேர்ந்து விளையாடுவதன் சுவையில் பாதி போய்விடுகிறது.

வாங்குவதென்று முடிவு செய்தால் தரவிறக்கத்தைத் தவிர்த்துக் கார்டாகவே வாங்குங்கள். தரவிறக்கிய விளையாட்டு உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொண்டுவிடும். கார்டை முடித்த பிறகு விற்கலாம், உறவினர் வீட்டுக்குக் கொடுக்கலாம். விலை இறங்காத அதே பிடிவாதம் அப்போது நமக்கு உதவுகிறது. இருநூறு வெள்ளிக்கு வாங்கியதில் பெரும்பகுதி திரும்பக் கையில் வந்துவிடும். ஸ்விட்ச் கார்டுகளுக்குப் பொதுவாக நாட்டு வரையறை இல்லை என்பதால், அநேகமாக எந்த நாட்டுப் பெட்டியாக இருந்தாலும் இங்கே ஓடும். ஸ்விட்ச்சோடு வரும் ஜாய்கான் என்ற இரண்டு சிறு கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் இரண்டு பிள்ளைகளுக்குப் போதும். பெரியவர்களின் விரல்களுக்கு அவை மிகச் சிறியவை. அப்பாவும் அம்மாவும் சேரப்போகிறார்கள் என்றால் இன்னொரு கட்டுப்பாட்டுக் கருவிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பயன்படுத்திய கார்டை 150 வெள்ளிக்குள் யாராவது கொடுத்தால், கடையிலேயே போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். 180-க்கு மேல் கேட்டால் பேரம் பேச வேண்டாம், புதிதையே வாங்கிவிடுங்கள்.