பைனுக்குப் பதில் சவுக்கு

உங்கள் பொன்சாய் (சட்டியில் வளர்க்கும் குட்டை மரம்) கட்டுரையில், பைன் நாற்றை உயரமான குழாயில் நட்டு, மேல்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வேரை வெளியே காட்டும் முறையை நன்றாக விளக்கியிருக்கிறீர்கள். ஜப்பானியர் இதை நெஅகாரி என்பார்கள். ஆனால் யாழ்ப்பாண வெயிலும் எங்கட சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீரும் பைனுக்குத் தோதில்லை. நான் வைத்த இரண்டும் சித்திரையைத் தாண்டவில்லை.

அப்புறம்தான் வடமராட்சிக் கரையோர ஊரான மணற்காட்டில் நிற்கிற சவுக்கு ஞாபகம் வந்தது. தூரத்துப் பார்வைக்குப் பைனேதான், உப்புக்காற்றும் அதற்குப் பொருட்டில்லை. நர்சரியில் கன்று வாங்கினேன். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் அடியையும் கழுத்தையும் வெட்டி, எருமண் நிரப்பிய சட்டியில் செருகி, போத்தலுக்குள் பரும்மணல் மட்டும் போட்டேன். சாப்பாடு கீழே இருந்தால்தானே வேர் இறங்கும்! மேலேயும் எருப் போட்டால் அங்கேயே சுருண்டு கிடக்கும்.

ஒரு வருடம் கழித்து, மாரி தொடங்கியதும், போத்தலை இரண்டு விரல் உயரம் நறுக்கினேன். வெளியே வந்த வேர் நூல் மாதிரி மெலிசு. ஈரத் தேங்காய்ப் பொச்சு சுற்றிவிட்டேன், தப்பியது. பொறுமையில்லாமல் ஒரேயடியாக உரித்த மற்றக் கன்று அன்று பின்னேரமே சாய்ந்துவிட்டது. பைனுக்கு எத்தனை மாதத்துக்கு ஒருக்கால் நறுக்குகிறீர்கள்? கட்டுரையில் அது இல்லை.