அந்த ஐந்து கேள்விகளுக்குக் கூச்சப்படாதீர்கள்

ஆணுறுப்பு விறைப்புக் குறைபாட்டை ஆண்கள் மருத்துவரிடம் மறைக்கிறார்கள் என்பது உண்மை. ஈராண்டு மறைத்தவன் நான். வீட்டருகே உள்ள பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவர் ஒரு தாளை நீட்டினார். கடந்த 6 மாதங்களைப் பற்றி ஐந்தே கேள்விகள், மொத்தம் 25 மதிப்பெண். 21 அல்லது அதற்குக் கீழே வந்தால் குறைபாடு இருக்கலாம். எனக்கு 13. பேனா பிடித்த கை நடுங்கியது. “காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா ஐயா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். இருந்தால் மனக்காரணத்தையும் பார்ப்பார்களாம். பிறகு ரத்த அழுத்தம், கொழுப்பு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், சர்க்கரை எல்லாம் பரிசோதித்தார்கள். என் நீரிழிவு பிடிபட்டதே அன்றுதான்!

விறைப்புக்குக் கள்ள மாத்திரை தேடுவோரே, 2008இல் இங்கே சிங்கப்பூரில் அதில் கலந்திருந்த நீரிழிவு மருந்தால் சர்க்கரை சரிந்து 4 பேர் இறந்தார்கள். தயவுசெய்து மருத்துவரிடம் போங்கள்.