ராமனுக்கு யார் குரல் கொடுப்பது?

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஹிந்தி அரைகுறைதான். ஆனாலும் ஒரு ஹிந்தி அனிமேஷன் படத்தில் பீஷ்மர் வாயைத் திறந்த மறுநொடி என் மகன் கத்தினான்: "அப்பா, அமிதாப் பச்சன்!" அதோடு பீஷ்மர் போனார். கடைசிவரை திரும்பி வரவே இல்லை.

2013-ல் வந்த 'மகாபாரத்' அனிமேஷன் படத்தைச் சொல்கிறேன். அர்ஜுனனுக்கு அஜய் தேவ்கன், திரௌபதிக்கு வித்யா பாலன், பீமனுக்கு சன்னி தியோல். போதாக்குறைக்கு முகங்களையும் அந்தந்த நடிகர் சாயலிலேயே வரைந்திருந்தார்கள். குருக்ஷேத்திரம் பார்க்க உட்கார்ந்தவனுக்கு ஏதோ விருது விழா பார்த்த மாதிரி இருந்தது.

ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோவும் நம்மூர் அனிமேஷன் கலைஞர் ராம் மோகனும் சேர்ந்து எடுத்த 1992 ராமாயண அனிமேஷன் படத்தின் ஹிந்தி டப்பிங்கில் நடிகர் அருண் கோவில்தான் ராமன், அம்ரீஷ் பூரிதான் ராவணன். அவர்களும் பிரபலங்கள்தானே என்பீர்கள். சரிதான். ஆனால் தூர்தர்ஷன் ராமாயணத் தொடரில் ராமனாக நடித்த பிறகு அருண் கோவிலின் குரல் ராமனுடையதாகவே ஆகிவிட்டிருந்தது. அம்ரீஷ் பூரியின் குரலைக் கேட்டால் 'மிஸ்டர் இந்தியா' பட வில்லன் மொகாம்போ ஞாபகம் வரும். வந்தால் வரட்டும், ராவணனுக்கு அது ஒன்றும் பழுதில்லை! தெரிந்த குரலா, தெரியாத குரலா என்பதல்ல என் கேள்வி. அந்தக் குரல் பாத்திரத்துக்குள் போகிறதா, வாசலிலேயே நின்று கையசைக்கிறதா என்பதுதான்.

சாதாரணப் படத்துக்கு டப்பிங் பேசும்போது திரையில் ஒரு நடிகரின் கண்ணும் கழுத்து நரம்பும் பாதி வேலையைச் செய்துவிடும். வரைந்த படத்துக்கு மூச்சே கிடையாது. ஓடிக் களைத்தவனின் இரைப்பு, அழுகையை விழுங்கும் தொண்டை, பதில் சொல்லுமுன் வரும் சின்னத் தயக்கம் எல்லாம் மைக் முன்னால் நிற்பவர் கொண்டுவர வேண்டியவை.

நம் தமிழ் டப்பிங்குகளில் நான் கேட்டவரை இதற்குப் பதிலாகப் பெரும்பாலும் கிடைப்பது எக்கோ. தேவர்கள் பேசினால் எக்கோ, அசுரன் பேசினால் கூடுதல் எக்கோ. அப்புறம் எல்லோருக்கும் ஒரே மேடைத் தமிழ். அஞ்சு வயசுப் பிள்ளைகூட "தந்தையே!" என்று அடிவயிற்றிலிருந்து முழங்குகிறது.

கன்னியாகுமரிப் பக்கம் தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னாலிருந்து பேசுவது ஒரே ஆள்தான். ராமன், சீதை, ராவணன், அனுமன், நடுவே சிரிக்கவைக்க உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும், எல்லாமே அவர் குரல்தான். பாவையை ஆட்டுவதும் அவரே. சீதை பேசும்போது அங்கே ஓர் ஆண் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை.